வீட்டை விடுதலும் வீடு பெறுதலும்



ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், இலக்கண வகுப்பில் தொழிற்பெயர் நடத்தும் நாள் வந்தால் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகும். கெடு என்பது கேடு ஆகிறது. சுடு என்பது சூடு ஆகிறது. பெறு என்பது பேறு ஆகிறது. அவ்வாறே விடு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு வீடு என்னும் பெயர் பிறக்கிறது. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். “வீடு என்றால் நாம் குடியிருக்கும் வீடுதானே, டீச்சர்?” என்று ஏதேனும் ஒரு குழந்தை கேட்கும். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனுள் இறுதியாகிய வீட்டை இரண்டு வரியில் விளக்கிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவோம். அச்சொல் நம் வாழ்விலேயே பாடமாக வந்து நிற்கும் என்று அந்நாளில் அறிந்தோம் அல்லோம்.

எதனை விட்டால் வீடு கிட்டும்? இவ்வினாவிற்கு நம் முன்னோர் தந்த விடையை முதலில் காண்போம்.

பற்று எங்கே உள்ளது?

நம் ஆகமங்கள் பரிக்கிரகம் என்னும் பற்றினை இரு கூறாகப் பகுக்கும். நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம் முதலிய புறப்பற்றுகள் 10. பொய்க்காட்சி ஒன்று, கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் கஷாயங்கள் நான்கு, நகை, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம் முதலிய நோகஷாயங்கள் ஒன்பது, ஆக அகப்பற்றுகள் 14. எண்ணிக்கையிலேயே அகப்பற்று மிகுதி என்பதைக் காண்க. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆசாரியார், பரிக்கிரகத்திற்கு இலக்கணம் வகுக்கும்போது பொருளைச் சுட்டவில்லை. பொருளின்மேல் உள்ளம் கொள்ளும் மயக்கத்தையே சுட்டுகிறார்.

ஆகவே, கையில் ஒன்றும் இல்லாதவன் பெரும்பற்றுடையவனாக இருத்தல் கூடும். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டவனும் அதன்மேல் பற்று நீங்காதவனாக இருத்தல் கூடும். இவற்றுள் இரண்டாவது வகையினர் நாமே. இதனை வெட்கத்துடன் கூறுகின்றோம். பிறர்க்குப் பயன்படும் என்பதனாலேயே கூறுகின்றோம்.

ஒரு பத்திரத்தின் கதை

வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் நாம் பிறந்த ஊர். பிறந்த வீட்டின் முன்புறம் நீண்ட திண்ணையும் நான்கு மரத்தூண்களும் இருந்தன. பொழுது சாயுமுன் உணவு முடிந்ததும் தந்தையார் அத்திண்ணையில் அமர்ந்து ஸ்ரீபுராணம் படிப்பார். அண்டை வீட்டார் வந்து அமர்ந்து கேட்பர். நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதும், பின்னாளில் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லத் துணிந்ததும் அத்திண்ணையில்தான்.

1997ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். தந்தை ஈட்டிய சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு என்னும் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் சமணராகிய நமக்கும் பொருந்தும். ஆயினும் நமக்கு அரசுப் பணி இருந்தது. தம்பிக்கோ வானம் பார்த்த நிலம் மட்டுமே துணை. எவரும் வற்புறுத்தாமல், நம் விருப்பத்தினாலேயே மறு ஆண்டு சார்பதிவாளர் அலுவலகம் சென்று நம் பங்கினைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தோம். அவ்வாறு எழுதும் ஆவணத்திற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். உறவினர் அனைவரும் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி இனித்தது. பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

2007ஆம் ஆண்டு ஊருக்குச் சென்றபோது திண்ணை இல்லை. தூண்களை விற்றுவிட்டனர் என்று அறிந்தோம். நம்மை ஒரு சொல் கேட்கவில்லையே என்று உள்ளம் கொதித்தது. அன்று மாலையே பேருந்து ஏறித் திரும்பிவிட்டோம். அதன்பின் ஆறு ஆண்டுகள் தம்பியுடன் பேச்சில்லை. தம்பி மகளின் திருமணத்திற்குச் சென்று, அட்சதை தூவி, பந்தியில் அமராமலே வந்துவிட்டோம்.

எழுதிக் கொடுத்துவிட்ட வீட்டின் திண்ணையை இடிக்க, அவ்வீட்டிற்கு உரியவர் எவரிடம் இசைவு கேட்டல் வேண்டும்? இந்த எளிய வினா அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு நாளேனும் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்ந்தோம். அநித்தியம், அசரணம் எனப் பன்னிரண்டு பாவனைகளையும் முறை தவறாது சொன்னோம். ஒன்றும் என்னுடையது அன்று என்று வாய் சொல்லும்போதே, என் தந்தையின் திண்ணை என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

பாகுபலி காட்டும் பாடம்

பாகுபலி சுவாமியின் வரலாற்றை அறியாத சமணக் குழந்தை இல்லை. திக்விசயம் முடித்துத் திரும்பிய பரத சக்கரவர்த்தியின் ஆழி, அயோத்தியின் வாயிலில் நின்றுவிட்டது. தம்பி பாகுபலி அடிபணியாமையே அதற்குக் காரணம். படைகள் மோதினால் எண்ணற்ற உயிர்கள் மாயும் என்று அமைச்சர்கள் தடுக்க, உடன்பிறந்தோர் இருவர் மட்டும் பார்வைப் போர், நீர்ப் போர், மல் போர் என மூன்றிலும் பொருதனர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். தோல்வி பொறாத பரதன் ஆழியை ஏவ, அதுவும் பாகுபலியை வலம்வந்து நின்றது. வென்ற நாட்டை அந்த நொடியிலேயே துறந்து அவர் தவம் மேற்கொண்டார்.

ஓராண்டு அசையாமல் நின்றார். காலடியில் புற்று எழுந்தது; கொடிகள் உடலெங்கும் படர்ந்தன. கழுகுமலைப் பாறையில் நம் சிற்பியர் செதுக்கிய கோலமும் அதுவே. சாமுண்டராயர் 981ஆம் ஆண்டு சிரவணபெளகொளாவில் எழுப்பிய ஏறத்தாழ 57 அடி உயரத் திருமேனியின் கோலமும் அதுவே. ஆயினும் கேவலஞானம் தோன்றவில்லை. ஏன்? நாடு இல்லை, முடி இல்லை, ஆடையும் இல்லை. விடுவதற்கு இன்னும் என்ன எஞ்சியிருந்தது?

தமையன் நம்மால் துன்புற்றானே என்னும் மெல்லிய நினைவு ஒன்று எஞ்சியிருந்தது என்று ஆதிபுராணம் கூறும். பரதனுடைய மண்ணில் நிற்கின்றோமே என்னும் நினைவு என்று மக்கள் வழக்கில் கூறுவர். எவ்வாறாயினும் அது ஒரு சிறு முள். பரதன் வந்து வணங்கினான், அந்த முள் நீங்கியது, கேவலஞானம் சுடர்விட்டது.

மாமுனிவரின் ஓராண்டுத் தவத்திலும் நுண்ணிய நினைவு ஒன்று எஞ்சி நிற்குமாயின், பத்திரத்தில் ஒரு கையொப்பம் இட்டுவிட்டு நாம் பற்று நீங்கினோம் என்று எண்ணியது எத்துணைப் பேதைமை!

கணக்கிட்டு நடுங்கியது

2012ஆம் ஆண்டு, ஜினாலயம் ஒன்றில் நிகழ்ந்த சொற்பொழிவைக் கேட்கச் சென்றிருந்தோம். பேசப்பட்ட பொருள் கோம்மடசாரம். சாமுண்டராயரின் ஆசானாகிய நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய நூல் அது. கஷாயங்களின் வன்மையை நான்கு படியாக அந்நூல் விளக்கும். கோபத்திற்கு அது கூறும் உவமைகள் கல்லில் இட்ட கோடு, நிலத்தின் வெடிப்பு, புழுதியில் இட்ட கோடு, நீரில் இட்ட கோடு என்பன. நீர்க்கோட்டைப் போன்ற கஷாயத்தின் சுவடு ஒரு முகூர்த்தத்திற்குள் மறையும். அடுத்த படியில் உள்ளது ஒரு பட்சம், அதாவது 15 நாள் நிற்கும். அதற்கும் அடுத்தது ஆறு திங்கள் நிற்கும். ஆறு திங்களையும் கடந்து நிற்பது அநந்தாநுபந்தி. பிறவிகள்தோறும் தொடர்ந்து வந்து நற்காட்சியையே மறைப்பது.

நாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். அப்போதே ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. உடல் நடுங்கியது.

வீடு திரும்பி, நிகழ்ந்தது என்ன என்று ஆராய்ந்தோம். பத்திரம் எழுதிய அன்று உலோபம் உண்மையிலேயே விலகியது. அது விட்டுச்சென்ற இருக்கையில் மானம் வந்து அமர்ந்தது. கொடுத்தவர் நாம் என்னும் நினைவே அந்த மானம். கொடுத்தவரைக் கேட்க வேண்டாவோ என்று அது வினவியது. கேட்காதபோது அதுவே கோபமாயிற்று. முனிவர்கள் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களுள் பசி, தாகம், குளிர், வெப்பம் ஆகியவற்றுடன் சத்கார புரஸ்காரம் என்பதும் ஒன்று. மதிப்புக் கிட்டாதபோதும் உள்ளம் திரியாமல் இருத்தல் என்பது அதன் பொருள். பசியையும் குளிரையும் வெல்லும் முனிவர்க்கே அது தனியே வைத்து எண்ணத்தக்க பரீஷகம் என்றால், இல்லறத்தார் எச்சரிக்கையாக இருத்தல் எவ்வளவு இன்றியமையாதது!

அஞ்சலட்டை ஒன்று வாங்கி வந்தோம், தம்பிக்கு எழுதலாம் என்று. எழுதவில்லை. மானம் அத்துணை வலியது.

ஏற்றல் என்பது யாது?

விடுதலுக்குத் துணையாவது ஏற்றல். முன் செய்த வினை உதயமாகும்போது இன்பமோ துன்பமோ வருகிறது. வந்ததன்மேல் விருப்பும் வெறுப்பும் கொண்டால், பழவினை ஒன்று கழியும்போதே புதுவினை வந்து ஒட்டுகிறது. சமநிலையில் நின்று ஏற்றால், பழவினை உதிர்கிறது. புதுவினைக்கு வாயில் அடைபடுகிறது. உதிர்தல் நிர்ஜரை, வாயில் அடைபடுதல் சம்வரம். ஓட்டைப் படகில் புகுந்த நீரை இறைப்பது ஒன்று, ஓட்டையை அடைப்பது மற்றொன்று. ஓட்டையை அடைக்காமல் இறைப்பவன் கரையேறுவதில்லை. நாம் சாமாயிகத்தில் இறைத்தோம். தம்பியை நினைக்கும்போதெல்லாம் ஓட்டையைப் பெரிதாக்கினோம்.

இங்கே இரண்டு தவறான கருத்துகளை விலக்குதல் வேண்டும்.

முதலாவது: பிறர் துன்பத்தைக் கண்டு, “அது அவர் வினை; ஏற்கட்டும்” என்று வாளா இருத்தல். வினைக்கொள்கை நம் முகத்தை நாம் காண்பதற்குரிய கண்ணாடி. பிறர் முகத்திற்கு நேரே பிடிப்பதற்குரியது அன்று. பிறர் துன்பம் கண்டு உருகும் அநுகம்பை நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்று. நோயுற்றவருக்கு மருந்தும், பசித்தவருக்கு உணவும், கற்க விழைபவருக்கு நூலும், அஞ்சியவருக்கு அபயமும் அளித்தலே நம் நால்வகைத் தானம்.

இரண்டாவது: விட்டுக்கொடு என்று பிறரை வற்புறுத்துதல். நம் குடும்பங்களில் பெண்மக்களிடம் இச்சொல் மிகுதியாகக் கூறப்படுகிறது. உரிய பங்கினைக் கேட்கும் சகோதரியைப் பேராசைக்காரி என்று ஏசி, கையொப்பம் பெறுவோரும் உளர். தானே உவந்து விடுவது மட்டுமே தியாகம். மனம் நோகப் பெறுவது, கொடாததைக் கொள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கே இழுக்கு. நாம் விரும்பிக் கொடுத்தோம். ஆதலால் நம் குற்றத்தை மட்டும் பேசுகின்றோம். வேறொரு சகோதரிக்குத் தன் உரிமையைக் கேட்டுப் பெறுதலே அறமாக இருக்கலாம். கேட்கும்போதும் உள்ளத்தில் வெறுப்பு இன்றிக் கேட்டலே அவருக்குரிய தவம்.

தம்பி வந்த நாள்

2013ஆம் ஆண்டு தம்பிக்குக் கண் நோய் முற்றியது. மருத்துவத்திற்காகச் சென்னை வந்தவர் நம் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கினார். காலையில் அவரைக் கைபிடித்து நடத்திச் செல்வோம். சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கு அழைத்துச் சென்ற அதே கை. ஒருநாள் நடக்கும்போதே சொன்னார்: “அக்கா, இரண்டு வருஷம் விளைச்சல் இல்லை. பையன் படிப்புக்கு வாங்கிய கடன் நெருக்கியது. சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் தூண்களை விற்றேன்.”

நாம் என்ன விடை கூறினோம் என்பது நினைவில் இல்லை. வழியில் இருந்த ஒரு மரத்தடியில் இருவரும் அமர்ந்தோம் என்பது மட்டும் நினைவில் உள்ளது.

காரணம் அறிந்ததும் நம் சினம் தணிந்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. காரணம் அறிந்தால் எவர் சினமும் தணியும். காரணம் ஏதும் இல்லாமலே அவர் திண்ணையை இடித்திருந்தாலும் நாம் தணிந்திருத்தல் வேண்டும். கோம்மடசாரம் கேட்ட அன்றே மடல் எழுதியிருத்தல் வேண்டும். தம்பி 2014ஆம் ஆண்டு காலமானார். ஆறு ஆண்டுகளை நாம் வீணாக்கினோம். அவருடன் கழிக்க நமக்குக் கிடைத்தது ஓராண்டு. எழுதாத அந்த அஞ்சலட்டை தந்தையாரின் ஸ்ரீபுராண ஏட்டினுள் இன்றும் இருக்கிறது. பாவனை சொல்ல அமரும்போது அதனை எடுத்து முன்னே வைத்துக்கொள்கின்றோம்.

இனி நாள்தோறும் செய்யத்தக்கவை

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்னும் பாறைக்குன்று உள்ளது. 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உடலை நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை அங்கே உள்ளதெனப் பழமையான தமிழ்க் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. ஆசிரியர் என்னும் சொல்லைக் கண்டு நாம் அங்கே தலைகுனிந்து நின்றோம். நாமும் அப்பெயரைத் தாங்கியவர் அல்லவா! சல்லேகனை, உரிய காலத்தில், ஆசாரியரின் வழிகாட்டலில், தகுதியுடையோர் மேற்கொள்வது. இல்லறத்தார் விரைந்து எண்ணத்தக்கது அன்று. ஆனால் அதற்கு இரண்டு கூறுகள் உண்டு. உடலை மெலிவித்தல் ஒன்று. கஷாயங்களை மெலிவித்தல் மற்றொன்று. இரண்டாவது நம் எல்லோர்க்கும், இன்று முதலே உரியது. அதற்கு நாம் கைக்கொண்டு வரும் எளிய முறைகளைக் கூறுகின்றோம்.

ஒன்று: பரிக்கிரகப் பரிமாணம். எத்துணை உடை, எத்துணைப் பாண்டம், எத்துணைப் பொன் என்று ஓர் எல்லை வகுத்து ஏட்டில் எழுதி வையுங்கள். எல்லை மீறுவதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தானமாக்குங்கள்.

இரண்டு: கொடுத்ததைச் சொல்லாமை. கொடுத்ததைப் பிறரிடம் ஒருமுறை சொன்னால் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள்.

மூன்று: சாமாயிகம். ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம், இரண்டு நாழிகை. அத்துணை நேரம் இயலாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். பன்னிரண்டு பாவனைகளையும் விரைந்து சொல்வதைவிட, நாளுக்கு ஒன்றினை எடுத்துக்கொண்டு அதனை நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றுடன் பொருத்திப் பார்த்தல் நன்று.

நான்கு: பிரதிக்கிரமணம். உலகத்து உயிர்கள் அனைத்திடமும் மன்னிப்பு வேண்டுகின்றோம், எளிது. அவ்வுயிர்களுள் ஒன்றின் பெயரைச் சொல்லி வேண்டுவதே அரிது. நாள்தோறும் ஒரு பெயரைச் சொல்லுங்கள். 15 நாள் கடக்குமுன் சொல்லுங்கள். ஆறு திங்கள் கடக்க விடவே வேண்டா.

பரத சக்கரவர்த்தி ஆறு கண்டங்களையும் வென்றபின் விருஷபாசலம் என்னும் மலையில் தம் பெயரைப் பொறிக்கச் சென்றார். மலை முழுதும் முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்கள். ஓர் எழுத்துக்கும் இடமில்லை. ஒருவர் பெயரை அழித்துவிட்டே தம் பெயரைப் பொறித்தார்; அப்போதே அவர் செருக்கு அழிந்தது. வகுப்பறையில் நாம் இதனை நாள்தோறும் கண்டோம். நமக்கு முன் பாடம் நடத்தியவர் எழுதியதைத் துடைத்துவிட்டே கரும்பலகையில் எழுதத் தொடங்குவோம். மணி அடித்ததும் நாம் எழுதியதை அடுத்தவர் துடைப்பார். அதற்காக எந்த ஆசிரியரும் சினந்ததில்லை. பலகை பள்ளியுடையது என்பதை அங்கே அறிந்திருந்தோம். திண்ணைக்கு மட்டும் அதனை மறந்தோம்.

அன்பர்களே, எழுதப்படாத மடல் ஒன்று உங்கள் இல்லத்திலும் இருத்தல் கூடும். உடன்பிறந்தாருக்கோ, மருமகளுக்கோ, பழைய நண்பருக்கோ உரியதாக இருக்கலாம். இவ்விதழை மடித்து வைத்ததும் அதனை எழுதி அனுப்புங்கள். அவர் விடை தருவாரா என்று எதிர்பார்க்க வேண்டா. விடை வந்தால் ஏற்போம். வாராவிடின் அதனையும் ஏற்போம்.

ஜினதருமம் வாழ்க! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!